ஏழாவது அளவீட்டில் திறந்த ஜன்னல்

ஜெர்மனியில் ஆறு மாதம் படித்தவன் என்று எனக்கு ஊரில் இன்றைக்கும் ஒரு மரியாதை உண்டு. கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் உட்காரவைத்து, "அங்க எல்லாம் டயத்துக்கு நடக்குமாமே?" என்று ஆரம்பிப்பார்கள். நானும் ரயில், ரொட்டி, பனி என்று பத்து நிமிடம் அளந்துவிட்டுப் பந்திக்கு எழுந்து போவேன். எர்லாங்கனில் ஒரு ஜனவரி மாதத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ரயிலும் ரொட்டியும் போகிற போக்கில் வரும்.

யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த குமரன் என்கிற என்னை மாணவர் பரிமாற்றம் என்று ஒரு பருவத்துக்கு அங்கே அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் முதல்வர் என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார். அப்பா அந்தப் போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். மாவு மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாவு வாங்கிப் போக வேண்டும்.

மாணவர் விடுதியில் எட்டு அறைக்கு ஒரு சமையலறை. முதல் நாள் காலை குளிர்பெட்டியைத் திறந்தேன், பால் இருந்தது, காய்ச்சிக் குடித்தேன். எங்கள் ஊர் ஹாஸ்டலில் ஒருவன் வீட்டிலிருந்து முறுக்கு டின் வந்தால் அது மாடிப்படி ஏறுவதற்குள் காலியாகிவிடும், கேட்டு எடுப்பவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம். இங்கே மறுநாள் பால் புட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "எனக்கு ஒரு உரிமையாளர் இருக்கிறார்" என்று பாலே பேசுவதாக எழுதி, கீழே ஒரு சிரிக்கும் மாடும் வரைந்திருந்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. கடைக்குப் போய் இரண்டு பால் வாங்கி வைத்தேன். அதற்கும் நன்றி என்று ஒரு சீட்டு வந்தது.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். அந்த ஊரில் பேராசிரியர் முதல் பெரிய கம்பெனி எஞ்சினியர் வரை எல்லாரும் சைக்கிள்தான். நம் ஊரில் ஓட்டும்போது சும்மா பெடலைப் பின்னால் சுற்றுவது கை விரலைச் சொடுக்குவது போல ஒரு பழக்கம். ஜெர்மன் சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் அது பிரேக். மூன்றாம் நாள் பாலத்து இறக்கத்தில் ஒய்யாரமாகப் பின்னால் சுற்றினேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. நாயோடு வந்த ஒரு பெரியவர் என்னைத் தூக்கி நிறுத்தி, ஜாக்கெட்டைத் தட்டிவிட்டு, "மெதுவாகப் போனாலும் வகுப்பு அங்கேயேதான் இருக்கும்" என்றார். அந்த ஊர் மனிதர்களோடு நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதற்கு நான் சொன்ன நன்றிதான்.

சாப்பாட்டுக்கு மென்சா என்கிற மாணவர் உணவகம். உருளைக்கிழங்கை அவித்து, மசித்து, மறுபடி கிழங்கு மாதிரியே உருட்டித் தருவார்கள். உப்பு, உறைப்பு எதுவும் அதன் பக்கம் போயிருக்காது. நவம்பர் வாக்கில் ஒரு நாள் அந்த உருண்டையை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் தட்டோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நான் கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தமிழோ?" என்றாள்.

அவள்தான் ஆரணி. என் ஆய்வுக்கூட வகுப்பிலேயே படிக்கிறவள். யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையாக வந்து பைராய்ட் பக்கம் ஒரு சிற்றூரில் வளர்ந்தவள். அப்பா பீங்கான் தொழிற்சாலையில் வேலை, அம்மா முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் அவளுடையது. நான் "லேப்ல எக்ஸ்பெரிமென்ட் கரெக்டா வரல" என்று சொன்னால் சிரிப்பாள். "நீங்கள் தமிழ்நாடு தானே, தமிழ்ல கதையுங்கோவன்" என்பாள். அவள் மட்டும் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு ஜெர்மன் சொல் போடுவாள், அது கணக்கில் வராது. ஊரிலிருந்து திரும்பும் திங்கட்கிழமைகளில் எனக்கென்று ஒரு டப்பாவில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டுவருவாள். குளிரில் அந்த டப்பாவைத் திறக்கும்போது கண்ணில் நீர் வந்துவிடும். உறைப்பினால்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

இனிமேல் சொல்லப்போவது அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது.

நம் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு ரெக்கார்ட் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோதனையை வகுப்பில் நாலு பேர் செய்வார்கள், நாற்பது பேர் எழுதுவோம். முதல் ராங்க் பையனுடைய நோட்டு வெள்ளிக்கிழமை ஹாஸ்டலுக்குள் நுழைந்தால் ஞாயிற்றுக்கிழமை அழுக்காகி வெளியே வரும். விடை இவ்வளவு வர வேண்டும் என்று தெரியும், ஆகையால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை எழுதுவோம். அதற்கு ரீடிங் சமைப்பது என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் கைப்பட எழுதியிருக்க வேண்டிய அப்சர்வேஷன் நோட்டைக்கூட ரெக்கார்ட் முடித்த பிறகு உட்கார்ந்து எழுதுவோம். அது நிஜமாகத் தெரிவதற்காக இரண்டு இடத்தில் அடித்துத் திருத்துவோம், வேறு வேறு பேனா மாற்றுவோம். இதில் நான் கெட்டிக்காரன். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. நோட்டைத் தர மறுத்தவன்தான் எங்களுக்குள் கெட்டவன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் முறுக்கு ஊசல் என்று ஒரு சோதனை. கம்பியில் தொங்கும் தட்டு இடமும் வலமுமாகத் திரும்பும், எத்தனை நொடியில் திரும்புகிறது என்று எண்ண வேண்டும். ஆரணியின் குழு திங்கட்கிழமை செய்தது, நான் புதன்கிழமை. என் எண்ணிக்கை பாதியில் குழம்பிவிட்டது. குழம்பியதை அப்படியே எழுதிக் கொடுத்தால் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்று ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கத்ரின் முன்பே சொல்லியிருந்தார். நெட்டையான, எப்போதும் சைக்கிள் தலைக்கவசத்தோடு வருகிற ஆராய்ச்சி மாணவி அவர். எனக்குப் பாதி மதிப்பெண் என்ற பேச்சே பிடிக்கவில்லை. போட்டோவில் சால்வையோடு நிற்பவன் பாதி மதிப்பெண்ணோடு போக முடியுமா?

அன்று சாயங்காலம் ஆரணியிடம், "உங்க ரிப்போர்ட்டக் கொஞ்சம் குடுங்க, ஃபார்மட் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் உடனே பையிலிருந்து எடுத்துத் தந்தாள். "இன்னும் கொஞ்சம் திருத்தக் கிடக்கு. வெள்ளிக்கிழமை தான் நான் குடுக்கிற டெர்மின். நாளைக்குத் தாங்கோ" என்றாள்.

புரோட்டோகோல் என்று அவர்கள் சொல்லும் அந்த அறிக்கை ஜெர்மனில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக ஆங்கிலத்தில் எழுதினேன். கஷ்டப்பட்டுத்தான் எழுதினேன், அதனால் அது என் உழைப்பு என்றே தோன்றியது. எண்களில் கடைசித் தானத்தை மட்டும் அங்கங்கே மாற்றினேன். பிறகு வழக்கம்போல ஆய்வுக்கூடத் தாளையும் புதிதாகச் சமைத்தேன், இரண்டு அடித்தல், இரண்டு பேனா. மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவள் வெள்ளிக்கிழமை கொடுத்தாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை கத்ரின் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு அறிக்கைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஏழாவது அளவீட்டுக்கு நேரே ஒரு குறிப்பு. "இந்த அளவீட்டின்போது ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். காற்று பட்டிருக்கலாம். இந்த எண்ணை நம்ப வேண்டாம்." ஆரணியின் குறிப்பு அது. நேர்மையாக எழுதிவைத்திருந்தாள். நான் அதையும் மொழிபெயர்த்திருந்தேன். அப்படி ஒரு குறிப்பை எங்கள் ஊரில் யாரும் எழுத மாட்டார்கள், அதனால் அது பாடத்தில் உள்ள வரி என்று நினைத்துவிட்டேன்.

"திங்கட்கிழமை ஏழாவது அளவீட்டில் ஜன்னல் திறந்திருக்கிறது. புதன்கிழமையும் ஏழாவது அளவீட்டில் ஜன்னல் திறந்திருக்கிறது" என்றார் கத்ரின். கேலியாகச் சொல்லவில்லை. நடந்ததைப் படிப்பது மாதிரிதான் சொன்னார். பிறகு ஆய்வுக்கூடத் தாள்களைக் கேட்டார். ஆரணி தன்னுடையதை எடுத்துவைத்தாள். நானும் என்னுடையதை எடுத்துவைத்தேன். என் தாள் அவளுடையதைவிட அசலாகத் தெரிந்தது.

"இதில் ஒன்று பொய். முதலில் கொடுத்தது குமரன். பார்த்து எழுதியது யார்?"

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் மேசைக் காலைப் பார்த்தேன்.

நம் வகுப்புகளில் ஆசிரியர் "யார் செய்தது?" என்று கேட்டால் நாற்பது பேரும் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வோம். வாயைத் திறந்தவன் அன்றோடு ஒதுக்கப்படுவான். மொத்த வகுப்பையும் வெயிலில் நிறுத்துவார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் மறந்துபோகும். அன்று நான் செய்ததும் அந்த ஒற்றுமைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காட்டிக்கொடுக்கவில்லை, சேர்ந்து நிற்கிறோம் என்று. பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெறும் பயம். வகுப்பில் அமைதியாக நின்றபோதெல்லாம் அடுத்தவன் செய்ததற்காக நின்றேன், இங்கே காட்டிக்கொடுக்க வேண்டிய ஆள் நானேதான்.

கத்ரின் இரண்டு அறிக்கைகளையும் மூடினார். "அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்கு என் சந்திப்பு நேரம். அதற்குள் ஒருவர் வந்து சொல்லலாம். இல்லையென்றால் இருவர் மீதும் ஏமாற்று என்று எழுதுவேன், இருவருக்கும் இந்த ஆய்வுக்கூடம் போய்விடும்" என்றார்.

வெளியே நடைபாதையில் ஆரணி ஜாக்கெட்டின் ஜிப்பை மேலேயும் கீழேயும் இழுத்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்" என்றாள்.

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னால் நீங்கள் இல்லையெண்டால்? முதல் குடுத்தது நீங்கள். அது உங்கட வாயால வரவேணும்." ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டு, "இந்த புராக்டிகும் இல்லாட்டி எனக்கு கோடைச் சோதனை எடுக்க ஏலாது. ஒரு வருசம் போயிடும். உங்களுக்கு மார்ச்சில ஊர்தானே" என்றாள்.

புராக்டிகும் என்றால் அந்த ஆய்வுக்கூட வகுப்பு. எனக்கு அது ஒரு தாளில் ஒரு வரி, அவளுக்கு ஒரு வருடப் படிப்பு. அது தெரிந்துதான் நான் "பார்க்கலாம் ஆரணி, டைம் இருக்குல்ல" என்றேன். அந்தப் பதிலை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் கண்ணில் படாமல் வேறு வழியாகச் சைக்கிள் ஓட்டினேன். மென்சாவுக்குக் கடைசி நேரத்தில் போய் ஆறிப்போன உருண்டையைத் தின்றேன். சனிக்கிழமை காலை விடுதி நடைபாதையில் இருந்த பொதுத் தொலைபேசி அடித்தது. பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி, "உனக்குத்தான், ஒரு மூத்தவர், மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்" என்றான்.

"தம்பி, நான் ஆரணியின்ர அப்பா சிவராசா கதைக்கிறன். நாளைக்கு மத்தியானம் எங்கட வீட்டை சாப்பிட வாங்கோ. ஒரு விசயம் கதைக்கவும் வேணும்."

அவர் வைத்த பிறகும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், கூப்பிட்டு வைத்துத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், திட்டு வாங்கினால் பாரம் குறையும் என்றும் ஒரு நப்பாசை.

ஞாயிற்றுக்கிழமை நூரன்பெர்க் போய் ரயில் மாறினேன். அந்தப் பக்கம் போகிற ரயில் வழியில் ஒரு நிலையத்தில் இரண்டாக வெட்டிக்கொள்ளும், முன் பாதி ஒரு ஊருக்கும் பின் பாதி வேறு ஊருக்கும் போகும். அதை ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்களாம். நான் மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் காதில் விழவில்லை. வெளியே பனி மூடிய வயல், பைன் மரங்கள், எல்லாம் ஒரே மாதிரி. எதிரில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள் என் பயணச்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் போகிற பாதி இருபது நிமிடத்துக்கு முன்பே போய்விட்டதே" என்றார். பிறகு இறங்க வேண்டிய நிலையம், திரும்பி வருகிற ரயில், எந்த மேடை, எல்லாவற்றையும் பின்னல் வடிவம் அச்சிட்ட தன் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதித் தந்தார். போகும்போது ஒரு ஆப்பிளும் கொடுத்தார். முகத்தில் அவ்வளவு பரிதாபம் தெரிந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவன் ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னிடம் கைப்பேசி கிடையாது. நிலையத்தில் கூரைகூட இல்லை, பனித்தூறலில் ஆரணி நின்றுகொண்டிருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"இவ்வளவு நேரமா இங்கேயேவா நின்னீங்க?"

"உங்களுக்கு வழி தெரியாதெல்லோ" என்றாள். பிறகு வீடு வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்றாம் மாடியில் சிறிய வீடு, துடைத்து வைத்தது போல இருந்தது. சிவராசா அங்கிள் ஞாயிற்றுக்கிழமையும் சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தார். மேசையில் அவருடைய தொழிற்சாலைத் தட்டுகள், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. ஆட்டிறைச்சிப் பிரட்டல், பருப்பு, மரவள்ளிக்கிழங்குக் கறி, பெரிய கிண்ணத்தில் சோறு. ஆரணியின் அம்மா, "களைச்சுப் போனீங்கள், முதல் சாப்பிடுங்கோ. கதை பிறகு" என்று என் தட்டில் இரண்டு அகப்பை அள்ளி வைத்தார். எனக்குப் பசி காதை அடைத்தது. நான் நாலு கவளம் விழுங்கியிருப்பேன், அங்கிள் தன் தட்டைத் தொடாமலே தொண்டையைச் செருமினார்.

"தம்பி, பிள்ளையின்ர விசயம் எங்களுக்குத் தெரியும். ரெண்டு பேற்ற புரோட்டோகோலும் ஒண்டாய் இருந்ததாம். கத்ரின் எண்ட ஆள் கூப்பிட்டுக் கேட்டதாம். ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி எண்டு கேட்டால் இவள் வாய் திறக்கிறாள் இல்லை. சொல்லாட்டியும் எனக்கு விளங்கும்தானே. நீங்கள் எத்தினை பேருக்குள்ள தெரிஞ்செடுத்து அனுப்பின பிள்ளை. உங்களுக்குப் பாத்து எழுத வேண்டிய தேவை என்ன?"

நான் வாயில் இருந்ததை மெல்லவில்லை.

"இவள் சனி ஞாயிறில வேலைக்கும் போறவள். நேரம் காணாமல் உங்கட படிப்பைப் பாத்து எழுதிப்போட்டாள். பிழைதான். பெத்தவன் எண்ட முறையில நான் உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன்." அவர் இரண்டு கைகளையும் மேசை மேல் சேர்த்து வைத்திருந்தார். "இவளாலை உங்கட பேருக்கு ஒரு பழுதும் வரக்கூடாது. வேணுமெண்டால் நானே வந்து அங்க சொல்லுறன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று உடம்பு ஒரு மூச்சு விட்டது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட வேண்டிய எத்தனையோ காரியம் இருக்கிறது, அந்த ஒரு மூச்சுக்கு இணையாக எதுவும் இல்லை.

ஆரணி என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், பார்த்து எழுதினது நான்" என்றேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "ஆரணி எழுதினதுதான் ஒரிஜினல். நான் ஃபார்மட் பார்க்கணும்னு வாங்கி அப்படியே எழுதிட்டேன். லேப் தாளையும் நானே சும்மா தயார் பண்ணினேன். அவங்க கேட்டப்ப பேசாம நின்னுட்டேன்."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை கிண்ணத்தில் மெதுவாக இறங்கியது. அங்கிள் மகள் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை அப்பா" என்றாள் ஆரணி. குரல் உயரவில்லை. "ஏன் செய்தனி எண்டுதான் கேட்டனீங்கள். செய்தனியோ எண்டு கேக்கேல்லை."

அவர் "ஓம்" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் "ஓம், கேக்கேல்லை" என்றார். பிறகு எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து பால்கனியில் போய், அந்தக் குளிரில் சட்டையோடு நின்றார். ஆரணி ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் ஒரு தடவை மகளின் தலையில் கை வைத்தது தெரிந்தது.

நான் எழப்போனேன். "இருந்து சாப்பிடுங்கோ. சோத்தை வைச்சிட்டு எழும்பக் கூடாது" என்றார் அம்மா. கோபம் இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். அவரும் சமையலறைக்குள் போய்விட்டார். நாலு தட்டு வைத்த மேசையில் நான் ஒருவனாக உட்கார்ந்து அந்தச் சோற்றை முழுக்கத் தின்றேன். கறி அருமையாக இருந்தது. அதுவும் எனக்கு ஒரு அடியாகத்தான் பட்டது.

நிலையம் வரை அங்கிள்தான் நடந்து வந்தார். வழியில் பனி வழுக்கும் இடத்தில், "பாத்து வாங்கோ" என்று மட்டும் சொன்னார். ரயில் வரும் நேரத்தில், "வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"பத்துக்கு, அங்கிள்."

"நான் லீவு எடுத்துக்கொண்டு வாறன்."

"எதுக்கு அங்கிள்? நான் கண்டிப்பா சொல்லிடுவேன்."

அவர் ரயில் வரும் திசையைப் பார்த்தார். "இனிப் போகேக்க ரயில் பிரியாது. நூரன்பெர்க்கில மட்டும் மாறுங்கோ" என்றார்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே அவர் வந்துவிட்டார். கோட்டு, டை, கையில் கம்பளித் தொப்பி. பக்கத்தில் ஆரணி. கத்ரின் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வாரமாகச் சுமந்தது நான்கு நிமிட வேலை.

கத்ரின் எழுதிக்கொண்டார். ஆரணியின் மதிப்பெண்ணைப் போட்டுவிடுவதாகவும், எனக்கு ஆய்வுக்கூடம் ரத்து என்றும், என் கல்லூரிக்கு ஒரு கடிதம் போகும் என்றும் சொன்னார். "ஒரு கேள்வி. போன வாரம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் நாற்பது பேர் எழுந்து நிற்பதைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். "பயம்" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தக் கடிதம் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாரும் பண்றதுதான்டா. அங்க போயுமா மாட்டுவ? ஜன்னலக்கூடவா காப்பி அடிப்பாங்க?" என்று சிரித்தார். கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார், விஷயம் அதோடு முடிந்தது. அப்பா கடையில் போட்டோ அப்படியே தொங்கியது. என்னைத் தண்டிக்க ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று கத்ரின் அறையை விட்டு நான் வெளியே வந்ததும் அங்கிள் எழுந்தார்.

"சொன்னீங்களோ, தம்பி?"

"சொல்லிட்டேன், அங்கிள். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்ப வேண்டும் என்று அவர் முயற்சி செய்தது எனக்குத் தெரிந்தது.

"குறை நினைக்காதேங்கோ" என்றார். பிறகு என்னைத் தாண்டிப் போய் கத்ரினின் அறைக் கதவை விரல் மடக்கால் இரண்டு தடவை தட்டினார். உள்ளேயிருந்து குரல் வந்தது. வாசலிலேயே நின்றபடி, தேடித் தேடி எடுத்த ஜெர்மனில் கேட்டார். "நான் ஆரணியின் தகப்பன். இந்தப் பையன் இப்போது உங்களிடம் என்ன சொன்னார்? தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள்."

கத்ரின் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் மகள் எழுதியது அவருடைய சொந்த வேலை. அதைத் தாம் பார்த்து எழுதியதாக இவர் சொன்னார்."

"நன்றி" என்றார் அங்கிள். அப்படியும் நகரவில்லை. பெஞ்சின் பக்கம் திரும்பி, "இஞ்ச வா பிள்ளை" என்று ஆரணியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இன்னொரு முறை சொல்லுங்கள். இவள் கேட்க வேண்டும்" என்றார்.

கத்ரின் அதே வாக்கியத்தை மறுபடியும், இன்னும் மெதுவாகச் சொன்னார். இரண்டு அடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் போக வேண்டிய படிக்கட்டும் நான் போக வேண்டிய படிக்கட்டும் ஒன்றுதான். காலடிச் சத்தம் கீழே இறங்கி முழுக்க நிற்கும் வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.